போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு (ஒரு நிரலுக்குரிய எண்ணிட்ட கதவு) வரும் தொடர்பை வீட்டுக்குள் இருக்கும் சர்வர் கணினிக்கு அனுப்பச் சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங் விதியை ரவுட்டரில் எழுதியாயிற்று, சேமித்தாயிற்று, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. இருந்தும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியவில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் அதே விதியை அழித்து அழித்து எழுதுகிறார்கள். நானும் முதல் முறை இரண்டு இரவுகள் அதைத்தான் செய்தேன். விதி தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது; எனக்குக் கிடைத்திருந்த இணைய முகவரிதான் எனக்கு மட்டும் உரியதாக இல்லை. அதற்குப் பிறகு பலருக்கு இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். விதியிலேயே தவறு இருந்தது குறைவு. விதிக்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒன்று வழிமறித்து நின்றதுதான் அதிகம்.

வெளியே ஒருவரிடமிருந்து கிளம்பும் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) உங்கள் சேவை நிறுவனத்தைத் தாண்டி, ரவுட்டரைத் தாண்டி, கணினியின் ஃபயர்வாலை (வருவதை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவல் நிரல்) தாண்டி, நிரலிடம் போய்ச்சேர வேண்டும். பதிலும் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். இந்தப் பாதையில் எங்கே நின்றுபோனது என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குத் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்: சோதிக்கும் முறை சரியா?

வெளியிலிருந்து சோதிப்பது என்றால் உண்மையிலேயே வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடியே உங்கள் வெளி முகவரியை அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. அவை பயன்படும், ஆனால் சோதிக்கிற நேரத்தில் உங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மறுமுனையில் பதில் சொல்ல ஆளில்லை என்றால், விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் 'மூடியிருக்கிறது' என்றுதான் வரும். அதோடு, தரவு அனுப்ப டிசிபி, யுடிபி என்று இரண்டு முறைகள் உண்டு: டிசிபி முதலில் இணைப்பை உறுதிசெய்துகொள்ளும், யுடிபி அப்படிச் செய்யாது. அந்தத் தளங்களில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே பார்க்கும். மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பின் 19132, விபிஎன் (மறைகுறியாக்கிய தனிவழி இணைப்பு) நிரல்களான வயர்கார்டின் 51820, ஓப்பன்விபிஎன்னின் 1194 இவையெல்லாம் வழக்கமாக யுடிபி. வயர்கார்டு இன்னும் ஒருபடி மேலே: சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் தளம் 'மூடியிருக்கிறது' என்று சொன்னதை நம்பி, வேலை செய்துகொண்டிருந்த அமைப்பைக் கலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. டிசிபி தொடர்பு தோற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்ட மாத்திரத்தில் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வருவது. மற்றது, பத்து இருபது நொடி சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'நேரம் முடிந்தது' என்று வருவது. முன்னது, யாரோ கதவைத் திறந்து 'இங்கே யாரும் இல்லை' என்று சொன்ன மாதிரி. பாக்கெட் ஏதோ ஓர் இயந்திரம் வரை போயிருக்கிறது. பின்னது, தட்டியது யார் காதிலும் விழாத மாதிரி. பாக்கெட் வழியில் எங்கோ விழுங்கப்பட்டுவிட்டது, அல்லது பதில் திரும்பி வரவில்லை. இவ்விரண்டில் உங்களுக்கு வருவது எது என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

அறிகுறி: வீட்டுக்குள்ளேயே வேறொரு கணினியிலிருந்தும் தொடர்பு கிடைக்கவில்லை

இதற்கும் ரவுட்டர் விதிக்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டர் பக்கத்தை மூடிவிட்டு, சர்வர் ஓடும் கணினிக்குப் போங்கள்.

முதலில், நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளை, லினக்ஸில் எஸ்எஸ் கட்டளை அதைக் காட்டும். உங்கள் போர்ட் எண்ணுக்கு முன்னால் 0.0.0.0 என்றோ கணினியின் சொந்த முகவரியோ இருந்தால் நல்லது. 127.0.0.1 என்று இருந்தால் அந்த நிரல் தன் கணினிக்குள்ளிருந்து வருபவர்களை மட்டுமே ஏற்கும். பக்கத்து அறையிலிருந்துகூட யாரும் அதை எட்ட முடியாது. சோதனைக்காக எழுதிய இணையச் சர்வர்கள், தரவுத்தளங்கள் பலவும் பாதுகாப்புக் கருதி இயல்பாக அப்படித்தான் தொடங்கும். நிரலின் அமைப்புக் கோப்பில் அந்த முகவரியை மாற்ற வேண்டும். டாக்கருக்குள் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்கள், கன்டெய்னரின் போர்ட்டைக் கணினியின் போர்ட்டோடு இணைத்தார்களா என்று பார்க்க வேண்டும். உள்ளே 8096-இல் ஓடுவதால் மட்டும் அது வெளியே தெரிந்துவிடாது.

அடுத்தது ஃபயர்வால். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கைப் 'பொது' என்றோ 'தனியார்' என்றோ வகைப்படுத்தி வைத்திருக்கும். நிரலை முதன்முறை ஓட்டியபோது வந்த கேள்விக்குத் 'தனியார் நெட்வொர்க்' என்று மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். வீட்டு வைஃபையோ பொது என்ற வகையில் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு முரண் போதும். வீட்டு நெட்வொர்க்கைத் தனியார் என்று மாற்றினால் பல நேரம் தீர்ந்துவிடும். ஃபயர்வாலை ஒரு நிமிடம் முழுதாக அணைத்துச் சோதிப்பது தவறில்லை. ஆனால் விடை தெரிந்ததும் திரும்பப் போட்டுவிட்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் உள்வரும் விதி எழுதுங்கள்.

சர்வரோ சோதிக்கும் கைபேசியோ விருந்தினர் வைஃபையில் இருந்தால் அவை ஒன்றையொன்று பார்க்காது. அந்த வைஃபை இருப்பதே அதற்காகத்தான்.

அறிகுறி: வீட்டுக்குள் வருகிறது, வெளியிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்து நேரம் முடிந்துவிடுகிறது

என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய ஒப்பீடு ஒன்று இருக்கிறது. விதியைத் தொடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், நிலையைக் காட்டும் பகுதியில், 'வேன் ஐபி' அல்லது 'இன்டர்நெட் ஐபி' என்று ஒரு முகவரி இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி முகவரி எது என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தை அதே வீட்டு இணைப்பில் திறந்து, அது காட்டும் நான்கு எண் கொண்ட முகவரியைப் பாருங்கள். கணினியில் விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் விபிஎன் சர்வரின் முகவரிதான் தெரியும். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றில்லை, ரவுட்டரில் இருப்பது 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரை ஏதாவது ஒன்றாகவோ தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று தொகுப்பும் தனி நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டவை. இணையத்தில் இவற்றைத் தேடி எந்தப் பாக்கெட்டும் வராது. அப்படியானால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. பெரும்பாலும் அது சேவை நிறுவனம் கொடுத்த மோடமோ ஃபைபர் பெட்டியோதான். நீங்கள் விதி எழுதியது இரண்டாவது கதவில். முதல் கதவு பூட்டியே கிடக்கிறது. ஒரே வெளி முகவரியைப் பல கருவிகள் பகிரும்படி ரவுட்டர் முகவரிகளை மாற்றிக்கொடுப்பது நேட்; அது இப்படி இரண்டு முறை நடப்பதை டபுள் நேட் என்பார்கள். வீடெங்கும் பரவும் மெஷ் வைஃபை பெட்டிகளைப் பழைய ரவுட்டரோடு சேர்த்து மாட்டும்போதும் இது நேரும்.

தீர்வாக நான் முதலில் சொல்வது, முதல் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றுவது. அப்போது அது வெறும் மோடமாக இருக்கும். வெளி முகவரி நேராக உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். பிபிபிஓஇ வகை இணைப்பு என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். ஆகவே முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் முறை முடியாது என்றால், இரண்டாவது ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றி, விதியை முதல் பெட்டியில் எழுதலாம். இரண்டிலும் விதி எழுதுவதும் வேலை செய்யும்: முதல் பெட்டி இரண்டாவது ரவுட்டரின் முகவரிக்கு அனுப்பும், இரண்டாவது சர்வருக்கு அனுப்பும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், ஒன்றை மறந்துவிடுவோம். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரையிலான முகவரி என்றால் கதை வேறு. அந்தத் தொகுப்பு 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. ஆகவே சேவை நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதன் பெயர் சிஜி-நேட். இங்கே முதல் கதவு உங்கள் வீட்டில் இல்லை, நிறுவனத்தின் அறையில் இருக்கிறது. அதில் விதி எழுத உங்களுக்கு வழியில்லை. சில நிறுவனங்கள் இதற்கு 10 என்று தொடங்கும் முகவரியையும் பயன்படுத்துகின்றன. ஆகவே முன்னால் வேறு பெட்டி எதுவும் இல்லாமல் 10-இல் தொடங்கும் முகவரி தெரிந்தாலும் இதே முடிவுதான். பார்க்கப் பொது முகவரி போலவே இருந்து, இணையதளம் காட்டுவதோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் அப்படியே.

சிஜி-நேட் என்று உறுதியான பிறகு ரவுட்டரில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வீண். உங்களிடம் இருக்கும் வழிகள் மூன்று. சேவை நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது ஒன்று. 'நிலையான ஐபி' என்று கேட்டால்தான் சில இடங்களில் புரிந்துகொள்வார்கள், தனிக் கட்டணமும் இருக்கலாம். மாறும் முகவரியாக இருந்தாலும் பரவாயில்லை, பொது முகவரியாக இருந்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, டெயில்ஸ்கேல் போன்ற மெஷ் விபிஎன்னோ, கிளவுட்ஃபிளேர் டனலோ, வாடகைக்கு எடுத்த சிறு சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்து போட்டுவைக்கும் வயர்கார்டு இணைப்போ. இவை எல்லாமே உள்ளிருந்து வெளியே தொடர்பைத் தொடங்குபவை, அதனால் கதவைத் திறக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கோப்புகளையோ கேமராவையோ நீங்கள் மட்டும் பார்க்கத்தான் இவ்வளவு பாடு என்றால், பொது ஐபி இருப்பவர்களுக்குக்கூட நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, ஐபி ஆறாம் பதிப்பு. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு. ஃபார்வர்டிங் என்ற பேச்சே கிடையாது. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் வருபவரின் இணைப்பிலும் ஆறாம் பதிப்பு இருக்க வேண்டும். கணினி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரியை விட்டுவிட்டு நிலையானதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, இரண்டு முகவரியும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் விதியைத் திறந்து பார்க்கலாம். டிசிபிக்குப் பதில் யுடிபி என்று இருக்கிறதா? மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் 25565 டிசிபி, பெட்ராக் யுடிபி. ஒரே விளையாட்டின் பெயர் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உள்முகவரி சர்வரின் இன்றைய முகவரிதானா? லேப்டாப் என்றால் கம்பிக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு வேறொரு முகவரி இருக்கும், எழுதியது எது? 'மூல ஐபி' என்று ஒரு பெட்டி இருந்தால் அது காலியாக இருக்க வேண்டும். அதில் தங்கள் சொந்த வெளி முகவரியைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் அந்த முகவரியிலிருந்து வருபவர் தவிர வேறு யாருக்கும் வழி கிடையாது. மூலப் போர்ட் என்று கேட்டாலும் அப்படியே விடுங்கள், வருபவரின் மூலப் போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும்.

ஃபைபர் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அவற்றில் இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, நிறுவனம் தொலைவிலிருந்து பராமரிப்பதற்கு ஒன்று என்று பல வெளி இணைப்புகள் இருக்கலாம். விதி எழுதும்போது எந்த இணைப்பு என்று ஒரு பட்டியல் வரும். முதலில் நிற்கும் பெயரை அப்படியே விட்டுவிட்டால் விதி பராமரிப்பு இணைப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், ஒன்றும் நடக்காது. இதை நான் கண்டுபிடிக்கவே நெடுநேரமானது.

'போர்ட் ட்ரிக்கரிங்' என்ற பக்கத்தில் எழுதியிருந்தால் அது வேறு வசதி. உள்ளேயிருந்து ஒரு போர்ட்டில் வெளியே போகும் போக்குவரத்தைக் கண்டால்தான் அது கதவைத் திறக்கும், சர்வருக்கு உதவாது.

இவ்வளவு பார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால், ஊகிப்பதை நிறுத்திவிட்டு பாக்கெட் வருகிறதா என்று கண்ணாலேயே பாருங்கள். சர்வர் கணினியில் வயர்ஷார்க்கையோ, லினக்ஸில் டிசிபிடம்ப்பையோ ஓட்டி, அந்தப் போர்ட் எண்ணை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து முயலுங்கள். யுடிபியில் மறுப்பு, நேரமுடிவு என்ற வேறுபாட்டை நம்ப முடியாது என்பதால் அங்கே இதுதான் உருப்படியான வழி.

பாக்கெட் வரவே இல்லை என்றால் தடை ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. சேவை நிறுவனங்கள் 25, 80, 445 போன்ற போர்ட்டுகளை உள்வரும் திசையில் அடைத்து வைப்பது உண்டு. வெளிப் போர்ட்டாக 50080 போன்ற பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, உள்போர்ட்டைப் பழையபடி 80 என்றே வைத்துச் சோதியுங்கள். அது வேலை செய்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

பாக்கெட் வருகிறது, கணினி பதில் அனுப்பவில்லை என்றால் கணினியின் ஃபயர்வால்தான். உள்வரும் விதியின் எல்லை 'உள்ளூர் நெட்வொர்க் மட்டும்' என்று இருந்தால் வீட்டுக்குள் வேலை செய்யும், வெளியாளுக்கு வேலை செய்யாது. நீங்கள் காணும் அறிகுறி அதேதான். வைரஸ் தடுப்பு நிரல்கள் கொண்டுவரும் தனி ஃபயர்வாலையும் பாருங்கள்.

பாக்கெட் வந்து, பதிலும் கிளம்பி, ஆனால் வெளியே போய்ச்சேரவில்லை என்றால் பதில் வேறு வழியாகப் போகிறது. சர்வர் கணினியில் விபிஎன் ஓடினால் இப்படி ஆகும்: கேள்வி ரவுட்டர் வழியாக உள்ளே வரும், பதில் விபிஎன் குழாய் வழியாக வெளியேறும். கேட்டவருக்கு அது முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வந்த பாக்கெட், எறிந்துவிடுவார். கையால் நிலையான முகவரி போட்ட கேமராக்களில் கேட்வே (வெளியே போக வழியாக இருக்கும் ரவுட்டரின் முகவரி) பெட்டி காலியாகவோ பழைய ரவுட்டரின் முகவரியாகவோ இருந்தாலும் இதே கதை. வீட்டுக்குள் பேச கேட்வே தேவையில்லை என்பதால் உள்ளே எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

அறிகுறி: கேட்ட மாத்திரத்தில் மறுக்கப்படுகிறது

இதைக் கண்டால் நான் மகிழ்வேன். பாதை பெரும்பாலும் சரியாக இருக்கிறது, கடைசி அடியில்தான் சிக்கல். நிரல் நின்றுபோயிருக்கலாம், விதியில் உள்போர்ட் எண் தவறாக இருக்கலாம், அந்த உள்முகவரி இப்போது வேறு கருவியிடம் இருக்கலாம். நீங்கள் அடிக்கும் வெளி முகவரி பழையது என்றால், மறுப்பது முன்பின் அறியாத வேறொருவரின் ரவுட்டராகவும் இருக்கலாம்.

விண்டோஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதன் ஃபயர்வால் இயங்கும்போது, ஒரு போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்காவிட்டாலும் மறுப்புச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். ஆகவே சர்வர் விண்டோஸ் என்றால், நேரம் முடிவதை வைத்துப் பாதையில்தான் தடை என்று முடிவுகட்டாதீர்கள். நிரல் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: என் தளத்துக்குப் பதில் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது

வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரியை அடித்தபோது மட்டும் இப்படி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த அறிகுறியைப் படியுங்கள். மொபைல் டேட்டாவிலும் அந்தப் பக்கமே வந்தால், ரவுட்டரின் தொலைநிலை நிர்வாகம் திறந்திருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கதவின் முன் நின்று கடவுச்சொல்லை முயன்று பார்க்கலாம். முதல் வேலையாக அதை அணையுங்கள். 80, 443 இரண்டும் அதன் பிடியிலிருந்து விடுபட்டு உங்கள் விதிக்குக் கிடைத்துவிடும்.

அறிகுறி: வெளியிலிருந்து சரி, வீட்டு வைஃபையிலிருந்து அதே முகவரியை அடித்தால் வரவில்லை

உங்கள் அமைப்பு சரியாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து கிளம்பி, வெளி முகவரியைத் தொட்டு, மறுபடி உள்ளேயே திரும்ப வேண்டிய பாக்கெட்டைச் சில ரவுட்டர்களுக்குத் திருப்பத் தெரியாது. நேட் லூப்பேக் என்றோ ஹேர்பின் நேட் என்றோ அமைப்புகளில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் உள்முகவரியையே பயன்படுத்துங்கள். டொமைன் பெயர் வைத்திருந்தால், வீட்டு டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்துவிடுவது நேர்த்தியான வழி. கைபேசி வீட்டிலிருந்தாலும் வெளியிலிருந்தாலும் ஒரே பெயரில் வேலை நடக்கும்.

அறிகுறி: நேற்று வரை வேலை செய்தது

மின்சாரம் போய் வந்ததா? ரவுட்டர் மறுபடி எழுந்தபோது சர்வருக்கு வேறு உள்முகவரி கொடுத்திருக்கும். விதி இன்னும் பழைய 192.168.1.20-க்கு அனுப்பிக்கொண்டிருக்கும், அங்கே இப்போது தொலைக்காட்சி இருக்கலாம். ரவுட்டரில், கருவிகளுக்கு உள்முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் சர்வரின் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் அடையாள எண்) ஓர் உள்முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். கணினியிலேயே கையால் முகவரி போடுவதைவிட இது மேல், ஏனென்றால் எல்லாக் கணக்கும் ரவுட்டர் ஒன்றிடமே இருக்கும். ஒதுக்கியும் முகவரி மாறுகிறது என்றால், அந்தக் கருவி வைஃபைக்குப் போலியான மேக் முகவரியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். புதிய கைபேசிகள் எல்லாம் அப்படிச் செய்யும், விண்டோஸிலும் அந்த வசதி உண்டு. வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம்.

உள்முகவரி மாறவில்லை என்றால் வெளி முகவரி மாறியிருக்கும். வெளி முகவரி மாறினாலும் அதைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று வாங்கி, ரவுட்டரிலோ சர்வரிலோ அதைப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். போட்டிருந்தும் வரவில்லை என்றால், அந்தப் பெயர் இன்று காட்டும் முகவரியும் உங்கள் இன்றைய முகவரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். முன்பு பொது முகவரி இருந்த இணைப்பை நிறுவனம் அறிவிக்காமல் சிஜி-நேட்டுக்கு மாற்றியிருப்பதும் நடக்கிறது. ஆகவே மேலே சொன்ன வெளி முகவரி ஒப்பீட்டை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

கணினி தூங்கிவிடுகிறதா என்பதையும் பாருங்கள். ரவுட்டரை மாற்றிய பிறகு விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணிப் 'பொது' வகையில் போட்டிருக்கலாம். சேவை நிறுவனத்தின் பெட்டி என்றால், தொலைவிலிருந்து வந்த புதுப்பிப்பு ஒன்று உங்கள் விதிகளைத் துடைத்திருக்கலாம். விதிகளின் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் அப்போது ஐந்து நிமிடத்தில் திரும்ப எழுதிவிடலாம்.

அறிகுறி: விதியைச் சேமிக்கவே விடவில்லை

அந்தப் போர்ட்டை வேறொரு விதி ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பட்டியலில் இல்லையென்றால் யுபிஎன்பி பட்டியலில் பாருங்கள். விளையாட்டுக் கருவியோ டொரன்ட் நிரலோ உங்களைக் கேட்காமல் தானாகவே திறந்து வைத்திருக்கும். யுபிஎன்பியை அணைத்து, ரவுட்டரை மறுதொடக்கம் செய்துவிட்டு எழுதுங்கள். உள்முகவரி ரவுட்டரின் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும், அதாவது ரவுட்டர் 192.168.0-இல் இருக்க நீங்கள் 192.168.1 என்று எழுதினாலும், ஏற்காது.

அறிகுறி: இணைகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது

லாகின் ஆகிறது, கோப்புப் பட்டியல் வரவில்லை என்றால், கோப்புகளை அனுப்பும் முறையான எஃப்டிபியின் சிக்கல். 21 மட்டும் போதாது. பாஸிவ் முறைக்கென்று ஒரு போர்ட் வரிசையை சர்வரில் நிர்ணயித்து, அதையும் திறக்க வேண்டும். எஸ்எஃப்டிபிக்கு மாறினால் ஒரே போர்ட்டில் முடிந்துவிடும், மறைகுறியாக்கமும் கிடைக்கும். நான் அதைத்தான் செய்வேன். கேமராவின் பக்கம் வருகிறது, படம் மட்டும் கருப்பு என்றால் படத்தை அனுப்பும் ஆர்டிஎஸ்பி முறைக்குரிய 554 விடுபட்டிருக்கும், அல்லது படம் யுடிபியில் அனுப்பப்படுகிறது. பார்க்கும் செயலியில் டிசிபி என்று மாற்றிப் பாருங்கள்.

வேலை செய்துவிட்டது என்றால், எழுந்து போவதற்கு முன்

திறந்த போர்ட் உங்களுக்கு மட்டும் திறந்த கதவு இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு போர்ட்டை நான்காம் பதிப்பு முகவரிகள் முழுவதிலும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கக்கூடியது. ஆகவே வெளிப் போர்ட்டுக்கு வித்தியாசமான எண் கொடுத்துவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்ததற்குத் தேவைப்பட்டது, திறந்திருந்த டெல்நெட் (தொலைவிலிருந்து உள்நுழையும் பழைய முறை) போர்ட்டும் மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லும்தான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது 445 வழியாக.

கோப்புப் பகிர்வின் 445, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, டெல்நெட்டின் 23, கேமராவின் நிர்வாகப் பக்கம் இவற்றை நேரடியாகத் திறக்காதீர்கள். வயர்கார்டுக்கு யுடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்து, அதன் வழியாக உள்ளே வந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சர்வர் போல, மற்றவர்கள் வந்தே தீர வேண்டியவற்றுக்கு மட்டும் தனி விதி இருக்கட்டும். அந்த நிரலைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

சோதனைக்காக டிஎம்ஸெட் போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அது அந்தக் கணினியின் எல்லாப் போர்ட்டுகளையும் வெளியே காட்டும். அணைத்த ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். தேடலின்போது எழுதிக் குவித்த 50080 போன்ற விதிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் விதி ஒன்றோடு கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து கடைசியாக ஒருமுறை முயன்று பாருங்கள்.